ரிப்போர்ட்டின் அடியில் ஒரு பெயர்

கம்பெனிகளில் அச்சடிக்கிற எந்த ரிப்போர்ட்டை எடுத்தாலும் கடைசியில் ஒரு வரி இருக்கும். பக்க எண், தேதி, நேரம், பக்கத்திலேயே ஒரு பெயர். அதற்கு முன்னால் சில இடங்களில் 'யூசர்' என்று போட்டிருப்பார்கள், சில இடங்களில் 'அச்சிட்டவர்', இன்னும் சில இடங்களில் 'தயாரித்தவர்'. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ரிப்போர்ட் செய்துகொடுக்கும் வேலையில் பல வருஷமாக இருக்கிறேன். "கீழ லாகின் பண்ணவங்க பேரு வரணும் சார்" என்று கேட்காத வாடிக்கையாளர் அபூர்வம். அந்தப் பெயரை எப்படி வரவழைப்பது என்று தேடினால் விளக்கம் கொட்டிக் கிடக்கிறது. வந்த பெயர் எதைச் சொல்கிறது என்று விளக்குகிறவர்கள் குறைவு. இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த லாகினில் இந்தத் திரை திறந்தது என்பதை மட்டும்தான் அந்தப் பெயர் சொல்கிறது. வேலையைச் செய்தது யார், பொறுப்பு யாருடையது என்பது அதற்குத் தெரியாது. ஆனால் தாளில் அச்சாகி ஃபைலுக்குள் போய்விட்டால், படிக்கிறவர்கள் எல்லாரும் அதைப் பொறுப்பாளியின் பெயராகவே படிக்கிறார்கள். இந்த இடைவெளியில் மாட்டுவது பெரும்பாலும் சம்பளப் பட்டியலில் கீழே இருப்பவர்கள்தான்.

மென்பொருள்கள் தருவது என்ன

பவர் பி.ஐ.யில் இதற்கு இரண்டு ஃபங்ஷன் உண்டு. 'யூசர்நேம்' என்பதை நம் கம்ப்யூட்டரில் உள்ள டெஸ்க்டாப்பில் ஓட்டினால், டொமைன் பெயரும் விண்டோஸ் லாகினும் சேர்ந்து வரும். அதே ரிப்போர்ட்டை சர்வீஸில் ஏற்றியதும் அது மின்னஞ்சல் முகவரி மாதிரி மாறிவிடும். டெஸ்க்டாப்பில் சரியாக இருந்தது மேலே ஏற்றியதும் வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருடைய பிரச்சினை இதுதான். இன்னொன்று 'யூசர்பிரின்சிபல்நேம்'. கம்பெனி டொமைனில் சேர்ந்த கம்ப்யூட்டர் என்றால் இரண்டு இடத்திலும் மின்னஞ்சல் வடிவமே வரும். அதனால் எல்லாரும் இதைப் பரிந்துரைக்கிறார்கள், நானும் இதைத்தான் போடுகிறேன். ஆனால் ஆளின் முழுப்பெயரைத் தருகிற ஃபங்ஷன் அதில் கிடையாது. பெயர் வேண்டுமென்றால் ஊழியர் பட்டியல் ஒன்றை நாமே வைத்துக்கொண்டு மின்னஞ்சலைப் பொருத்தி எடுக்கணும். அந்தப் பட்டியலை யார் பராமரிப்பது என்று கேட்டால் ஐ.டி. ஆட்கள் ஹெச்.ஆரைக் காட்டுவார்கள், ஹெச்.ஆர். ஐ.டி.யைக் காட்டும்.

டேப்லோ இந்த விஷயத்தில் கொஞ்சம் மேல். அதில் 'யூசர்நேம்' தனி, 'ஃபுல்நேம்' தனி. அடையாளம் ஒன்று, கூப்பிடுகிற பெயர் ஒன்று என்பது அதைச் செய்தவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸில் இருப்பது 'கரன்ட் சி.இ. யூசர் நேம்'. சி.இ. என்றால் கிரிஸ்டல் என்டர்பிரைஸ். அந்தப் பெயரில் இப்போது பொருளே கிடையாது, ஃபங்ஷனில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சர்வர் வழியாகத் திறந்தால்தான் பெயர் வரும். தனி ஃபைலாகத் திறந்தால் அந்த இடம் காலியாகவே நிற்கும். எனக்கு அந்தக் காலியிடத்தின் மேல் மரியாதை உண்டு. நம்ம ஆட்கள்தான் காலியாக இருந்தால் அசிங்கம் என்று அங்கே 'அட்மின்' என்று போட்டு நிரப்பிவிடுகிறார்கள்.

இதற்கும் கீழே டேட்டாபேஸ் என்று ஓர் அடுக்கு இருக்கிறது. ரிப்போர்ட் சர்வர் ஒரு பொதுவான சர்வீஸ் அக்கவுண்ட் வழியாக டேட்டாபேஸுக்குள் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே நூறு பேர் பார்த்தாலும் கீழே தெரிவது அந்த ஒரே அக்கவுண்ட்தான். எஸ்.க்யூ.எல். சர்வரின் 2016 பதிப்பில் இதற்காக 'செஷன் கான்டெக்ஸ்ட்' வந்தது. ஆரக்கிளில் 'கிளையன்ட் ஐடென்டிஃபையர்' என்று ஒன்று இருக்கிறது. மேலே இருக்கிற அப்ளிகேஷன், "இப்போது வந்திருப்பது இன்னார்" என்று கீழே எழுதிக் கொடுக்கலாம். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி நீட்டுகிற விசிட்டர் நோட்டு மாதிரி: வருகிறவர் எழுதுகிற பெயர்தான் பெயர்.

பெயருக்கு ஒரு நேரம் உண்டு

பவர் பி.ஐ.யில் இந்த ஃபங்ஷனைக் கணக்கிட்ட காலத்தில் போட்டுப் பாருங்க, எரர் வரும். மெஷரில் போடலாம், யாருக்கு எந்த வரிசை தெரியணும் என்கிற பாதுகாப்பு விதியில் போடலாம். காரணம் நியாயமானது. காலம் நிரம்புவது டேட்டா புதுப்பிக்கப்படும்போது. அப்போது திரைக்கு முன்னால் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். மைக்ரோசாஃப்டின் பழைய ரிப்போர்ட்டிங் சர்வீசஸிலும் இதே சங்கதி வேறு விதமாக உண்டு: யூசர் பெயரைச் சார்ந்த ரிப்போர்ட்டை ஆள் இல்லாமல் தானாக ஓட்ட முடியாது என்று ஒரு பிழைச் செய்தி வரும். வந்ததும் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அது சொல்வது சரி. பார்க்க ஆளே இல்லாதபோது யார் பெயரைப் போடுவது?

இந்த நேர்மை எல்லா இடத்திலும் கிடையாது. பவர் பி.ஐ.யில் மின்னஞ்சல் சந்தா ஒன்றை அமைத்துத் தினமும் காலையில் முதலாளிக்கு ரிப்போர்ட் போகிற மாதிரி செய்யலாம். அப்படிப் போகும் படம், சந்தாவை அமைத்தவரின் பார்வையில் எடுத்தது. அவருக்கு எந்த வரிசைகள் தெரியுமோ அவைதான் முதலாளிக்கும் போகும். அடியில் வருவதும் அவர் பெயர்தான். அவர் ஆறு மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்திருப்பார். தாள் மட்டும் அவர் ஆறு மணிக்கு ரிப்போர்ட் பார்த்ததாகச் சொல்லும்.

நாலு கையெழுத்து எங்கே போச்சு

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் ஸ்டோர்ஸில் இருந்தது இன்டென்ட் ஸ்லிப். இன்றைக்கும் பல இடங்களில் இருக்கிறது. கார்பன் வைத்து எழுதுகிற அந்தச் சின்னத் தாளில் நாலு இடம் இருக்கும்: கேட்டவர், அனுமதித்தவர், கொடுத்தவர், வாங்கியவர். ஒரு பேரிங் குறைந்தால் நாலு பேரையும் கூப்பிட்டுப் பேசலாம். கையெழுத்தைப் பார்த்தே யாருடையது என்று ஃபோர்மேன் சொல்லிவிடுவார்.

இந்த ஸ்லிப்பைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தபோது பெரும்பாலான சின்ன மென்பொருள்களில் நாலு இடமும் போய், 'பதிவு செய்தவர்' என்று ஒரே காலம் நின்றது. அதற்கு மேல் ரிப்போர்ட் வந்ததும், அதன் அடியில் ஐந்தாவதாக ஒரு பெயர் முளைத்தது. அவர் கேட்டவரும் இல்லை, கொடுத்தவரும் இல்லை. பிரின்ட் பட்டனை அழுத்தியவர். என் விமரிசனத்தின் மையம் இதுதான். நாலு கேள்விக்கு நாலு பதில் இருந்த இடத்தில், யாருமே கேட்காத ஐந்தாவது கேள்விக்கு ஒரு பதிலை வைத்துவிட்டு, முதல் நாலையும் அதுவே தீர்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

எஸ்டேட்டுக்குள் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். வண்டி பாகங்கள் செய்கிறவர்கள். வருஷக் கடைசி ஸ்டாக் எடுப்பில் பேரிங் கணக்கு இடித்தது. ஆடிட்டர் கேட்டார் என்று ஸ்டோர்ஸ் கிளார்க் அக்கா ஒருத்தர் அந்த மாத இஷ்யூ ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அடியில் 'தயாரித்தவர்' என்று போட்டு அவர் பெயர். ஒரு வாரத்தில் அவருக்கு மெமோ வந்துவிட்டது: நீங்கள் தயாரித்த கணக்கில் வித்தியாசம் இருக்கிறது, எழுத்தில் விளக்கம் கொடுக்கவும்.

நான் அங்கே வேறு வேலையாகப் போயிருந்தேன். "இதக் கொஞ்சம் பாருங்க தம்பி, நான் ஒரு என்ட்ரிகூட போடல" என்று தாளைக் காட்டினார். ரிப்போர்ட்டின் வடிவமைப்பைத் திறந்து பார்த்தேன். எப்போதோ யாரோ செய்தது. 'தயாரித்தவர்' என்கிற எழுத்துக்குப் பக்கத்தில் இருந்தது, லாகின் செய்தவரின் பெயரைத் தருகிற அதே ஃபங்ஷன். மேனேஜரிடம் போய், அவருடைய லாகினிலேயே, அதே மாதத்துக்கு, அதே ரிப்போர்ட்டை அச்சடித்துக் கொடுத்தேன். இப்போது 'தயாரித்தவர்' அவர். தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இதுக்கு அர்த்தமே இல்லையா?" என்றார். அர்த்தம் இருக்கு சார், போட்டிருக்கிற தலைப்புதான் தப்பு என்றேன்.

மெமோவை வாயால் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எழுத்தில் எடுத்தார்களா என்று பிறகு ஒருமுறை கேட்டேன், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அந்தத் தாள் அக்காவின் பர்சனல் ஃபைலில் இன்னும் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஸ்டோர்ஸ்1

அந்தக் கம்பெனியிலாவது ஆளுக்கு ஒரு லாகின் இருந்தது. நான் பார்த்த சின்ன யூனிட்களில் பாதிக்கு மேல் லாகின் பெயரே 'ஸ்டோர்ஸ்1', 'டிஸ்பாட்ச்', 'அட்மின்' என்றுதான் இருக்கும். மூன்று ஷிப்ட்டுக்கும் அதே லாகின், பாஸ்வேர்ட் மானிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். அங்கே அந்த ஃபங்ஷன் எவ்வளவு துல்லியமாக வேலை செய்தாலும் 'ஸ்டோர்ஸ்1' என்றுதான் வரும். அது ஒரு ஆளின் பெயர் இல்லை, ஒரு மேஜையின் பெயர்.

முதலாளிகள் பக்கத்து நியாயத்தையும் சொல்லணும். ஆளுக்கு ஒரு லைசென்ஸ் என்று மாதாமாதம் பணம் கேட்கிற மென்பொருளை, இருபது பேர் வேலை செய்கிற யூனிட்டில் இருபதுக்கும் வாங்க முடியாது. ஷிப்ட் மாறும்போது ஒருத்தர் வெளியேறி இன்னொருத்தர் நுழைகிற நேரத்தில், வாசலில் தள்ளுவண்டியோடு ஆள் நிற்பார், மெஷின் காத்துக்கொண்டிருக்கும். ஆனால் லைசென்ஸ் காரணம் எல்லா இடத்திலும் செல்லாது. டேலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கம்ப்யூட்டருக்கான லைசென்ஸ் வைத்திருந்தாலும், கம்பெனிக்குள் எத்தனை யூசர் வேண்டுமானாலும் தனித்தனிப் பாஸ்வேர்டோடு உருவாக்கலாம். ஒரே நேரத்தில் உள்ளே இருக்க முடியாது, அவ்வளவுதான். அதற்குப் பைசா செலவில்லை. செய்யாததற்குக் காரணம் பழக்கம்.

இதில் ஒரு வேடிக்கை. 1960களில் சின்னத் தொழில்களுக்காக உருவான இதே எஸ்டேட்டில்தான் இன்று கண்ணாடிக் கட்டட ஐ.டி. பார்க்குகளும் இருக்கின்றன. வெளிநாட்டு வங்கிக்கோ மருந்துக் கம்பெனிக்கோ அங்கே வேலை செய்கிறவர் ஒருத்தர் தன் லாகினைப் பக்கத்து சீட் நண்பருக்குக் கொடுத்தால் வேலையே போய்விடும். சுவருக்கு இந்தப் பக்கம் லேத் பட்டறையில் லாகினைக் கேட்டால் கொடுக்காதவர் கர்வி. அந்தப் பக்கத்து வழக்கத்துக்காக எழுதின ஃபங்ஷனை இந்தப் பக்கத்தில் அப்படியே ஒட்டுகிறோம்.

சட்டம் என்ன கேட்கிறது

கம்பெனிகள் கணக்கு விதிகள், 2014 என்பதில் 2021 மார்ச்சில் ஒரு திருத்தம் வந்தது. கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் பதிவாகணும், மாற்றின தேதி இருக்கணும், அந்தப் பதிவை அணைத்து வைக்க முடியக்கூடாது. இரண்டு முறை தள்ளிப்போய் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. டேலியும் 'எடிட் லாக்' வசதியோடு வந்துவிட்டது. நல்ல விதிதான். ஆனால் விதியின் வாசகத்தில் தேதி இருக்கிற மாதிரி, 'யார்' என்பது நேரடியாக இல்லை. பட்டயக் கணக்கர் நிறுவனம் ஆடிட்டர்களுக்குத் தந்த வழிகாட்டிதான் எப்போது, யார், என்ன என்று மூன்றையும் கேட்கிறது. 'யார்' என்பதற்கு 'ஸ்டோர்ஸ்1' என்று வந்தால் கேட்டதற்குப் பதில் கிடைத்ததாக டிக் போடலாம், தெரிந்துகொள்ள எதுவும் இருக்காது. அதோடு இந்த விதி கம்பெனிகளுக்கு மட்டும். எஸ்டேட்டில் நிறைய யூனிட்கள் தனிநபர் தொழிலாகவோ கூட்டாகவோ இருப்பவை. அவை இதற்குள் வரவே வராது.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1997இல் கொண்டுவந்த பகுதி 11 விதிகள் இதைவிடத் தெளிவாக இருக்கின்றன. மின்னணுக் கையெழுத்து ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொந்தம், அதை இன்னொருவருக்கு மாற்றித் தரக்கூடாது. கையெழுத்தான ஆவணத்தில் பெயர், தேதி, நேரம் ஆகியவற்றோடு அந்தக் கையெழுத்தின் பொருளும் இருக்கணும்: பரிசீலித்தவரா, ஒப்புதல் தந்தவரா, பொறுப்பேற்றவரா, எழுதியவரா. நம்ம இன்டென்ட் ஸ்லிப்பில் நாலு இடம் விட்டு அச்சடித்தவருக்கு இது முன்னமே தெரிந்திருந்தது. அக்காவின் மெமோவில் இல்லாமல் போனதும் இந்தப் பொருள்தான்.

நம்ம பெயரும் அவங்க பெட்டியும்

ஆளுக்கு ஒரு லாகின் கொடுத்தாலும் இன்னொரு தொல்லை பாக்கி இருக்கிறது. இந்த மென்பொருள்கள் எல்லாம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கின்றன. நமக்கு இருப்பது ஒரு பெயரும் அப்பா பெயரின் முதல் எழுத்தும். கடைசிப் பெயர்ப் பெட்டியைக் காலியாக விட சில மென்பொருள்கள் சம்மதிக்காது. அதனால் ஒருத்தருக்கு அங்கே 'எஸ்' என்று ஓர் எழுத்து, இன்னொருத்தருக்கு அப்பாவின் முழுப்பெயர், வேறொருத்தருக்குப் பெயரே இரண்டு தடவை. ஒரே கம்பெனியில் இரண்டு எஸ். செந்தில்குமார் இருந்தால், இரண்டாவது ஆளின் மின்னஞ்சலில் 2 சேரும். ரிப்போர்ட்டில் அந்த 2 ஓட வருகிற பெயர் யாருடையது என்று லைனில் யாருக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தவர்கள் க்யூ.சி. செந்திலும் பெயின்ட் ஷாப் செந்திலும்தான். விண்டோஸின் பழைய வகை லாகின் பெயரில் 20 எழுத்துக்கு மேல் போகாது. மீனாட்சிசுந்தரம் என்பதை ஆங்கிலத்தில் எழுதினாலே 17 ஆகிவிடும். அப்பா பெயரில் பாதியைக்கூடச் சேர்க்க இடம் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றிக்கொள்கிற பெண்களுக்கு இது இன்னும் மோசம். மின்னஞ்சல் மாறும். ரிப்போர்ட்டின் பாதுகாப்புப் பட்டியலில் பழையதே இருக்கும். திங்கட்கிழமை காலையில் ரிப்போர்ட்டைத் திறந்தால் காலித் திரை. பெயரையே அடையாளமாக வைத்துக்கொண்டதன் விளைவு இது. பழைய தொழிற்சாலைகளில் டோக்கன் நம்பர் என்று ஒன்று உண்டு, ஆள் இருக்கிற வரைக்கும் மாறாது. மனிதரை எண்ணாகப் பார்க்கிறது என்று அதைத் திட்டலாம். ஆனால் ஒருத்தர் செய்ததை இன்னொருத்தர் தலையில் கட்டாமல் இருக்க அந்த எண் உதவியது.

என்ன செய்யலாம்

நான் இப்போது ரிப்போர்ட் செய்யும்போது கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். அடியில் வரும் பெயருக்கு முன்னால் 'இந்த லாகினில் அச்சிடப்பட்டது' என்று முழுசாக எழுதுகிறேன். 'தயாரித்தவர்' என்று போடச் சொன்னால், யார் தயாரித்தார் என்று எந்தக் காலத்தில் பதிவாகிறது எனக் கேட்கிறேன். பதிவாகவில்லை என்றால் அந்தத் தலைப்பைப் போடுவதில்லை. அடையாளத்துக்கு ஊழியர் எண், கண்ணுக்குப் பெயர், இரண்டும் சேர்ந்து வரும். தானாக ஓடுகிற ரிப்போர்ட்டில் ஆள் பெயர் கிடையாது, 'தானியங்கி' என்று வரும். பொது லாகின் என்றால் 'பொது லாகின்' என்றே அச்சாகும். பார்க்க நன்றாக இல்லை என்று சில பேர் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

லாகினைப் பிரிக்கவே முடியாத இடத்தில், பொருள் கொடுக்கும் திரையில் கொடுத்தவர், வாங்கியவர் என்று இரண்டு பெட்டி சேர்க்கலாம். ஐ.டி. கார்டில் பார்கோடு இருந்தால் காட்டினால் போதும், இரண்டு விநாடி வேலை. ஏமாற்ற முடியாது என்று சொல்லவில்லை. அடுத்தவர் கார்டைக் காட்டலாம். ஆனால் அதற்கு ஒரு மனிதர் வேண்டுமென்றே தப்பு செய்யணும். இப்போதோ யாரும் தப்பே செய்யாமல் ஒருத்தர் பெயர் தப்பான இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

ரிப்போர்ட்டை வாங்கிப் படிக்கிறவர்களுக்கும் ஒன்று. அடியில் இருக்கிற பெயரை வைத்து ஒருத்தரைக் கூப்பிடுவதற்கு முன்னால், அதே தாளை உங்கள் லாகினில் ஒரு தடவை அச்சடித்துப் பாருங்க. பெயர் மாறினால், அது கணக்கு எழுதியவரின் பெயர் இல்லை.